வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருகிறதா? பி காம்ப்ளெக்ஸ் அட்டையை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணா, வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு அட்டை பி காம்ப்ளெக்ஸ், கூடவே தடவுவதற்கு ஒரு சின்ன ஜெல் ட்யூப். மாத்திரையைப் போடுகிறோம், ஒரு வாரத்தில் புண் போய்விடுகிறது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகிறோம். அடுத்த மாதம் திரும்ப வருகிறது. திரும்ப ஒரு அட்டை.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாதாரண வாய்ப்புண், மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் 7 முதல் 14 நாளில் தானாகவே ஆறிவிடும். ஆகவே "எதைப் போட்டேன், ஆறிச்சு" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கேட்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள். இது உண்மையிலேயே அந்தச் சாதாரணப் புண்தானா? ஆமாம் என்றால், ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எந்தப் புண், எந்த இடத்தில்?

நாம் பொதுவாக வாய்ப்புண் என்று சொல்வதை மருத்துவத்தில் ஆப்தஸ் புண் என்கிறார்கள். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். நடுவில் வெளிர் மஞ்சள் அல்லது சாம்பல் நிறம், சுற்றிலும் சிவப்பு வளையம். சாம்பார் பட்டால்கூட எரியும். உலக அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வாழ்க்கையில் அவ்வப்போது வந்து போகிறது. பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கி, வயது ஏற ஏறக் குறையும். 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதல்முறையாக அடிக்கடி வர ஆரம்பித்தால், அதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

வருகிறவர்களில் 80 சதவீதம் பேருக்குச் சிறிய வகைதான். 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும், தழும்பு இல்லாமல் ஆறும். அதைவிடப் பெரிய வகை ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், தழும்பும் விடும். மூன்றாவது வகையில் குண்டூசித் தலை அளவுப் புண்கள் கூட்டமாக வரும்.

இடத்தைப் பார்ப்பது முக்கியம். ஆப்தஸ் புண் வாய்க்குள் மெல்லிய, அசையும் தோல் உள்ள இடங்களில்தான் வரும்: உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம். ஈறின் கெட்டியான பகுதியிலோ மேல் அண்ணத்தின் முன்பகுதியிலோ முதலில் நீர்க்கொப்புளமாக வந்து, பிறகு உடைந்து புண்ணானால், அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கான மருந்து வேறு. கடையில் தருகிற ஸ்டீராய்டு கலந்த பேஸ்ட்டை அதன் மேல் தடவினால் தொற்று மோசமாகலாம்.

எப்போதும் ஒரே இடத்தில்தான் புண் வருகிறதா? அப்படியானால் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் அந்த இடத்துக்கு எதிரே இருக்கும் பல்லைப் பாருங்கள். உடைந்த பல் விளிம்பு, சரியாகப் பொருந்தாத கேப், பிரேஸ் கம்பி. இதில் ஏதாவது ஒன்று தினமும் உரசிக்கொண்டிருக்கும். பல் மருத்துவர் பத்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார். கடைசியாகப் பார்க்கப்படும் காரணமும் பல நேரம் இதுதான்.

உடம்புச் சூடு, டென்ஷன், டூத்பேஸ்ட்

"உடம்பு சூடு" என்ற விளக்கத்தைச் சோதிக்க லேப் டெஸ்ட் எதுவும் கிடையாது. ஆனால் நாம் சூடு என்று சொல்கிற நாட்களை எண்ணிப் பார்த்தால் ஒரு பேட்டர்ன் தெரியும்: தூக்கம் இல்லாத வாரம், நைட் ஷிப்ட், டெட்லைன். மன அழுத்தத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும். அப்பா, அம்மா இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். சிகரெட்டை விட்ட முதல் சில வாரங்களில் பலருக்குப் புண் வரும். அதற்குப் பயந்து திரும்பப் பிடிக்க ஆரம்பிக்க வேண்டாம், தற்காலிகமானதுதான்.

நுரை வருவதற்காக டூத்பேஸ்ட்டில் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு வாயின் உள்தோலை எரிச்சலூட்டுகிறது. அது இல்லாத பேஸ்ட்டை இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரத்தம் என்ன சொல்கிறது?

வாய்க்குள் இருக்கும் தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. ஒன்றிரண்டு வாரத்தில் பழைய செல்கள் போய்ப் புதியவை வந்துவிடும். செல்கள் வேகமாகப் பெருக வேண்டும் என்றால் இரும்பு, பி12, ஃபோலேட் மூன்றும் வேண்டும். இவற்றில் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிவாங்கும் இடங்களில் வாயும் ஒன்று.

இந்தத் தொடர்பு புதிதல்ல. 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி வாய்ப்புண் வரும் 130 பேரைப் பரிசோதித்தார்கள். 23 பேருக்கு இந்த மூன்றில் ஏதோ ஒரு குறைபாடு இருந்தது. புண் வராத 130 பேரில் அப்படி இருந்தது 11 பேருக்கு. குறைபாட்டைச் சரிசெய்தபோது அந்த 23 பேரில் 15 பேருக்குப் புண் வருவதே நின்றது. மீதிப் பேருக்குக் குறைந்தது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். குறைபாடு இருந்தவர்களுக்கு அருமையான பலன். ஆனால் 130-ல் 107 பேருக்குக் குறைபாடே இல்லை. இரண்டும் உண்மைதான்.

அது பிரிட்டன். இந்தியாவின் எண்கள் வேறு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21), 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். அதற்கு முந்தைய சுற்றில் பெண்களில் 53.1 சதவீதமாக இருந்தது, அதாவது கூடியிருக்கிறது. 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 31 சதவீதம் பேருக்கு பி12 குறைவு, 37 சதவீதம் பேருக்கு ஃபோலேட் குறைவு. அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள்.

எண்களோடு வேலை செய்பவள் என்பதால் இங்கே ஒரு எச்சரிக்கை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும் நாட்டில், வாய்ப்புண்ணோடு வரும் யாரைப் பரிசோதித்தாலும் ஏதாவது ஒரு குறைபாடு கிடைக்கத்தான் செய்யும். அது கிடைத்துவிட்டதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் எப்படியும் சரிசெய்ய வேண்டிய ஒன்று. சரிசெய்த பிறகு மூன்று மாதத்தில் புண் குறைகிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்

பலர் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எடுத்த சிபிசி ரிப்போர்ட்டைப் பார்த்து "எனக்கு எல்லாம் நார்மல்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும். ரத்தச் சிவப்பணுக்களின் சராசரி அளவு அது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், எம்சிவி இறங்கும். பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் சிவப்பணு பெருத்துப்போகும், எம்சிவி ஏறும்.

இரண்டும் ஒன்றாகக் குறைந்தால்? பாதி செல்கள் சின்னது, பாதி பெரியது. சராசரி நடுவில் வந்து நிற்கும், ரிப்போர்ட்டில் நார்மல் என்றே அச்சாகும். ஒரு தெருவில் குடிசையும் பங்களாவும் இருந்தால் சராசரி வருமானம் நடுத்தரமாகத் தெரியுமே, அதே கதை. இரும்பும் பி12-ம் ஒருசேரக் குறைவாக இருப்பது நம் நாட்டில் அபூர்வம் இல்லை.

அதற்காகத்தான் ரிப்போர்ட்டில் ஆர்டிடபிள்யூ என்று இன்னொரு வரி உண்டு. செல்களின் அளவு எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதைச் சொல்லும். எம்சிவி நார்மலாக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிவிடும் என்பதால், சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் தனியாகப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அப்போது எடுக்க வேண்டாம்.

சரி, பி காம்ப்ளெக்ஸ் வேலை செய்யுமா?

இஸ்ரேலில் 58 பேரிடம் நடந்து 2009-ல் வெளியான ஒரு சோதனையில், தினமும் 1,000 மைக்ரோகிராம் பி12-ஐ நாக்கின் அடியில் வைத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆறாவது மாதத்தில் ஒரு புண்கூட வரவில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 32 சதவீதம். ரத்தத்தில் பி12 அளவு எப்படி இருந்தாலும் பலன் கிடைத்தது என்பது சுவாரசியம். ஆனால் சிறிய ஆய்வு. அமெரிக்காவில் 160 பேருக்கு ஒரு வருடம் வரை சாதாரண மல்டிவிட்டமின் கொடுத்துப் பார்த்தார்கள் (2012). புண்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் எதுவும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவு முக்கியம் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டில் இருக்கும் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பி12 எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள். 1,000-க்குப் பக்கத்தில்கூட இருக்காது பெரும்பாலும்.

இன்னொன்று. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும். ஆனால் பி12 இல்லாததால் நரம்புக்கு ஏற்படும் பாதிப்பு உள்ளே தொடரும். கால் மதமதப்பு, ஊசி குத்துவதுபோன்ற உணர்வு எல்லாம் அதன் அறிகுறிகள். டெஸ்ட் எடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள் என்று சொல்வது இதனால்தான். மாத்திரை போட்டுவிட்டு டெஸ்ட் எடுத்தால் எண் மாறிப்போயிருக்கும்.

பி12 யாருக்குக் குறையும்? முட்டை, மீன், இறைச்சி எதுவும் சாப்பிடாமல் பாலும் குறைவாக எடுப்பவர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள். அசிடிட்டிக்குப் பல மாதங்களாகத் தினமும் காலையில் பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டிருப்பவர்கள். கடைசி வகையினர் ஐ.டி. வளாகங்களில் ஏராளம். "பான் போட்டுட்டுத்தான் காபியே" என்பது நகைச்சுவையாகிவிட்டது, ஆனால் அந்த மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதும் குறைகிறது.

மணத்தக்காளிக் கீரை பற்றிக் கேட்பீர்கள். கீரைகளில் ஃபோலேட் உண்டு, தாராளமாகச் சாப்பிடலாம். எந்தக் கீரையிலும் பி12 கிடையாது.

வயிற்றுப் புண் இருந்தால் வாய்ப்புண் வருமா?

"வயித்துல புண் இருந்தாத்தான் வாய்ல புண் வரும்" என்று பாட்டிகள் சொல்வது பாதி சரி. அவர்கள் சொல்லும் அல்சருக்கும் வாய்ப்புண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அல்சர் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவாலோ வலி மாத்திரைகளாலோ வருவது. ஆனால் வயிற்றுக்குக் கீழே, குடலில் இருக்கும் சில நோய்கள் முதலில் வாயில்தான் முகம் காட்டும்.

ஒன்று சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டனை உடம்பு எதிரியாக நினைத்து, சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் நோய். வட இந்தியாவில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். வயிற்றுப்போக்கு இல்லாமல், வெறும் வாய்ப்புண்ணும் தீராத இரும்புக் குறைவும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால் சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். இணையத்தில் படித்துவிட்டு முதலிலேயே சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்த டெஸ்ட் சரியாகக் காட்டும்.

இன்னொன்று கிரோன்ஸ். வாய்ப்புண்ணோடு வயிற்று வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், அடிக்கடி லேசான காய்ச்சல் என்று வந்தால் இரைப்பை குடல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு இரும்பு குறைந்திருந்தால் அது தனிக் கேள்வி. மாதவிடாய் இல்லாத உடம்பில் ரத்தம் எங்கே போகிறது? குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்காமல் இரும்பு மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல.

நீங்கள் எடுக்கும் மருந்துகள்

புண் தொடங்கிய தேதிக்கு முன்னால் புதிதாக ஆரம்பித்த மருந்து ஏதாவது இருக்கிறதா? இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், நெஞ்சு வலிக்குத் தரும் நிகோரண்டில் ஆகியவை வாயில் புண் உண்டாக்கும்.

இரண்டு மருந்துகளைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியது. தவறுதலாகத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கிப்போகும், உயிருக்கே ஆபத்து. அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று வாய் முழுக்கப் புண். வீட்டில் அம்மா, அப்பா யாராவது இந்த மருந்தை எடுத்தால், வாரத்தில் எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

மற்றது, ஹைப்பர் தைராய்டுக்குத் தரப்படும் கார்பிமசோல். அபூர்வமாக வெள்ளை அணுக்களைச் சட்டென்று குறைத்துவிடும். இந்த மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் மூன்றும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ரத்தப் பரிசோதனை.

வாயோடு வேறு இடத்திலும்

வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண், கண் சிவந்து வலி என்றால் பெசெட் நோயைச் சந்தேகிப்பார்கள். 1937-ல் இதை விவரித்த துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட்டின் பெயர் அது. மூட்டு வலி, முகத்தில் வெயில் பட்டால் தடிப்பு, அண்ணத்தில் வலியில்லாத புண் என்றால் லூபஸ். பெம்ஃபிகஸ் என்ற நோயில் தோலில் கொப்புளம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே வாய் உரிய ஆரம்பிக்கும். பெரிய புண்கள் ஆறாமல் நீடித்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் பட்டியலில் உண்டு. இவை எல்லாம் குறைவாக வருபவை. கண், மூட்டு, தோல், பிறப்புறுப்பு என்று மற்ற இடங்களில் இருப்பதையும் வாய்ப்புண்ணுக்கான டாக்டரிடம் சொன்னால்தான் அவரால் இணைத்துப் பார்க்க முடியும். "அதை எதுக்கு இவர்கிட்ட சொல்லணும்" என்று கூச்சப்பட்டு விடுவதில்தான் ஆண்டுகள் வீணாகின்றன.

வலிக்காத புண்

வலிக்கும் புண்ணுக்கு நாம் உடனே ஓடுகிறோம். பயப்பட வேண்டியது பல நேரம் வலிக்காத புண்ணுக்கு. ஆரம்பக் கட்ட வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒரே இடத்தில் ஆறாமல் இருக்கும். விளிம்பு தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கும். பக்கத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரியலாம். நாக்கின் பக்கவாட்டு ஓரமும், புகையிலையை அடக்கிவைக்கும் கன்னமும் அதற்குப் பழகிய இடங்கள்.

குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் புதிதாக வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1.43 லட்சம் பேர். இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். உலகம் முழுவதும் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம்முடையது. இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். காரணம் ரகசியம் இல்லை: 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

"நான் புகையிலை போடறதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே பாக்கை மட்டும் தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு மெல்லுகிறவருக்கு வாய் எரிச்சல், காரம் தாங்காமை, வாயை முழுதாகத் திறக்க முடியாமை என்று வந்தால், அது பி12 விஷயம் இல்லை. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள்.

மருத்துவர்கள் சொல்லும் கெடு மூன்று வாரம். வாயின் தோல் ஒன்றிரண்டு வாரத்தில் புதுப்பித்துக்கொள்ளும் என்று மேலே பார்த்தோம். உரசல் காரணத்தை நீக்கிய பிறகும், மூன்று வாரம் கடந்தும் ஒரு புண் அங்கேயே இருந்தால், வயது 25 ஆனாலும், எந்தப் பழக்கமும் இல்லாவிட்டாலும், ஒரு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்வார்கள். பயாப்ஸி எடுத்தால் புற்றுநோய் பரவும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

பார்ப்பதால் மட்டும் என்ன பயன் என்று கேட்டால், அதற்கான பதில் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. 1996-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், மருத்துவர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, டார்ச் அடித்து வாயைப் பார்க்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, வெறும் கண்பார்வை.

30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார மையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். ஆனாலும் 2019-21 கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஒருமுறையாவது வாயைப் பரிசோதித்துக்கொண்டதாகச் சொன்ன ஆண்கள் 1.2 சதவீதம், பெண்கள் 0.9 சதவீதம்.

யாரைப் பார்ப்பது, என்ன கொண்டுபோவது?

முதலில் பல் மருத்துவர். பல் மருத்துவத்திலேயே வாய் நோய்களுக்கென்று ஓரல் மெடிசின் என்ற தனித்துறை இருக்கிறது, அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் கிடைக்கும். அங்கிருந்து தேவைக்கேற்ப பொது மருத்துவர், தோல் மருத்துவர், குடல் மருத்துவர் என்று அனுப்புவார்கள்.

அப்பாயிண்ட்மென்ட் கிடைக்கும் நாளில் புண் ஆறிப்போயிருப்பது வழக்கம். அதனால் புண் வந்த முதல் நாளே, பின்பு மூன்று நாளுக்கு ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். தேதி தானாகவே பதிவாகும். போன தடவை எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, எந்த இடம் என்பதை நோட்ஸ் ஆப்பில் குறித்துக்கொண்டால் போதும். கூடவே எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், சாதாரணமாக நினைக்கும் அந்த பான்டோப்ரசோல் உட்பட, ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள்.